இரவு இரண்டு மணிக்கும் எக்கோ வேண்டும்

பெறுநர்: தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறை, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தை நடத்தும் அதிகாரிகள், அந்தத் திட்டத்தில் குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகிகள்.

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஒரு செவிலியர். 16 வருடமாகக் குழந்தைகள் இதய ஐசியுவில் வேலை பார்க்கிறேன். அதில் பாதிக்கு மேல் இரவு ட்யூட்டி. பெரிய பதவி எதுவும் இல்லை. ஆபரேஷன் முடிந்து தியேட்டரிலிருந்து வரும் குழந்தையின் கட்டில் பக்கத்தில் விடியும்வரை நிற்பதுதான் என் வேலை. அங்கே நின்று பார்த்ததைத்தான் எழுதுகிறேன். எக்கோ என்பது ஒலி அலையால் இதயத்தைப் படமாகப் பார்க்கும் சோதனை. ஆபரேஷன் முடிந்த முதல் இரவிலும் அது கட்டில் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம்.

பல வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. அப்போது நான் இருந்த மருத்துவமனையின் பெயர் வேண்டாம். அங்கே நடந்தது வேறு எங்கேயும் நடந்திருக்கக்கூடியதுதான். 11 மாதக் குழந்தை. அழுதால் உதடும் நகமும் நீலம் பூக்கிற வகை. டெட்ராலஜி என்று நாங்கள் சொல்லும் பிறவி இதயக் கோளாறு. காலை 8 மணிக்கு உள்ளே போய், மதியம் ஒன்றரை மணிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சாயங்காலம் 5 மணிக்கு அம்மாவை உள்ளே விட்டோம். கவுனும் மாஸ்க்கும் போட்டுக்கொண்டு வந்தவர், முகத்தில் டியூப் இருந்ததால் முகத்தைத் தொடப் பயந்து, குழந்தையின் பாதத்தைப் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேரம் பிடித்திருந்துவிட்டு, "புள்ள காலு சில்லுன்னு இருக்கே சிஸ்டர்" என்றார்.

"ஏசி குளிரும்மா, போர்வை போத்திவிடுறேன்" என்று சொன்னேன். போர்த்தியும் விட்டேன்.

மானிட்டரில் பிபி 86/52. அந்த வயதுக்கு நல்ல அளவு. இரவு 8 மணிக்கு மேல் கசியும் ரத்தத்தை வெளியேற்ற நெஞ்சில் வைத்திருந்த குழாயில், அதாவது டிரெய்னில், ரத்தம் வருவது சட்டென்று நின்றுவிட்டது. கசிவு நின்றது என்று நானும் ட்யூட்டி டாக்டரும் சந்தோஷப்பட்டோம். 11 மணிக்கு, மணிக்கு 12 மில்லி போய்க்கொண்டிருந்த சிறுநீர் 3 மில்லியானது. நாடித்துடிப்பு 172. சிறுநீரைக் கூட்டும் லேசிக்ஸ் மருந்து கொடுத்தோம். எக்கோ பார்த்தால் தேவலை என்று டாக்டர் போனில் கேட்டார். எக்கோ மெஷின் கீழ்த்தளத்தில், ஓபி அறையில், பூட்டிக் கிடந்தது. சாவி டெக்னீசியன் வீட்டில். காலையில் 8 மணிக்கு வந்து பார்க்கிறோம் என்று பதில் வந்தது. 4.40-க்கு பிபி ஒரேயடியாகச் சரிந்தது. கட்டிலிலேயே நெஞ்சைத் திறந்தார்கள். இதயத்தின் பின்பக்கம் ரத்தம் உறைந்து கட்டியாகி, இதயத்தை விரியவிடாமல் அழுத்திக்கொண்டிருந்தது. கட்டியை எடுத்ததும் துடிப்பு திரும்பியது. மற்ற உறுப்புகள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் குழந்தை இறந்துவிட்டது.

டிரெய்ன் நின்றதற்குக் காரணம் கசிவு நின்றது இல்லை, டிரெய்ன் அடைத்துக்கொண்டதுதான். சாயங்காலமே கால் சில்லிட்டிருந்தது. அந்த வார்டில் அதை முதலில் கண்டுபிடித்தவர் அந்த அம்மா.

பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் இங்கேதான் வித்தியாசம். இதயம் பம்ப் செய்யும் ரத்தம் குறையத் தொடங்கினால், குழந்தையின் உடம்பு கை கால்களில் உள்ள ரத்தக் குழாய்களை இறுக்கிச் சுருக்கிக்கொள்ளும். தோலுக்கும் குடலுக்கும் சிறுநீரகத்துக்கும் போகிற ரத்தத்தைப் பிடித்து மூளைக்கும் இதயத்துக்கும் அனுப்பும். அதனால் பிபி மட்டும் கடைசிவரை நன்றாகவே தெரியும். பிபி விழும் நேரத்தில் குழந்தையிடம் மிச்சம் எதுவும் இருக்காது. மானிட்டரில் பெரிய எழுத்தில் ஓடுகிற அந்த எண்ணை மட்டும் நம்பி இரவைக் கழிப்பது எவ்வளவு ஆபத்து என்று நான் கற்றுக்கொண்டது அந்த இரவில்தான்.

அப்புறம் நேரக் கணக்கு. இதயத்தை நிறுத்தி, ஹார்ட்-லங் மெஷினில் ரத்தத்தை ஓடவிட்டுச் செய்கிற ஆபரேஷனுக்குப் பிறகு, இதயத் தசை முதலில் சுறுசுறுப்பாகவே ஓடும். சில மணி நேரம் கழித்துத்தான் சோர்வு வரும். பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறிப் பிறந்த கைக்குழந்தைகளை வைத்து பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை மருத்துவர்கள் 1995-ல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது. ஆபரேஷன் முடிந்து 9 முதல் 12 மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் ரத்த அளவு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்து அடிமட்டத்துக்குப் போனது. நாலில் ஒரு குழந்தைக்கு அது ஆபத்தான அளவுக்கு இறங்கியது. இந்தத் தளர்ச்சியைத் தடுக்க முடியும் என்பதும் தெரிந்த விஷயம். வட அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்தி 2003-ல் வெளியிட்ட ஆய்வில், மில்ரினோன் மருந்து கூடுதல் அளவில் கொடுத்த குழந்தைகளில் 11.7 சதவீதம் பேருக்குத்தான் தளர்ச்சி வந்தது, கொடுக்காதவர்களில் 25.9 சதவீதம். இன்று பல குழந்தைகள் இதய ஐசியுக்களில் அந்த மருந்து ஓடுகிறது. ஆனால் அது பிபியையும் இறக்கும், சிறுநீரகம் சரியாக வேலை செய்யாவிட்டால் உடம்பிலேயே தங்கும். மருந்தைத் தொங்கவிட்டுவிட்டுத் தூங்கப் போக முடியாது.

நம் ஊர்க் கணக்கில் பாருங்கள். மதியம் 2 மணிக்கு ஆபரேஷன் முடிந்தால், ஆபத்தான நேரம் ராத்திரி 11 மணியிலிருந்து 2 மணி வரை. எக்கோ பார்க்கத் தெரிந்தவர்கள் எல்லோரும் வீட்டில் இருக்கும் நேரம்.

"இதயம் எவ்வளவு ரத்தம் தள்ளுகிறது என்று குழாய் விட்டு அளக்கலாமே" என்று கேட்கலாம். பெரியவர்களுக்கு நுரையீரல் தமனி வரை ஒரு குழாயைச் செலுத்தி, குளிர்ந்த திரவத்தை விட்டு, வெப்பநிலை மாறுவதை வைத்துக் கணக்கிடுவார்கள். 3 கிலோ குழந்தையின் ரத்தக் குழாய்க்குள் அதற்கு இடம் இல்லை. இதயத்தில் ஓட்டை மிச்சம் இருந்தால் ரத்தம் குறுக்கு வழியில் போய் அந்தக் கணக்கும் தப்பாகிவிடும். ரத்தம் எடுத்து, உடம்புக்கு ஆக்ஸிஜன் போதாதபோது ஏறும் லாக்டேட்டைப் பார்ப்பது நல்ல வழிதான், நாங்களும் பார்க்கிறோம். ஆனால் 3 கிலோ குழந்தையின் உடம்பில் இருக்கிற மொத்த ரத்தமே கால் லிட்டர் அளவுதான். ஒரு நாளைக்கு 10 மில்லி எடுத்தால், அது வளர்ந்த ஆளிடமிருந்து தினம் 200 மில்லி எடுப்பதற்குச் சமம். அதனால்தான் உடம்பைக் குத்தாமல், கிழிக்காமல் இதயத்தைக் கண்காணிக்கும் முறைகள் குழந்தைகளுக்கு அவ்வளவு முக்கியம். கையில் வேறு நல்ல வழி இல்லை.

அதில் முதலில் வருவது கை. நீலக்குழந்தைகளுக்கான முதல் ஆபரேஷன் 1944 நவம்பர் 29-ஆம் தேதி பால்டிமோரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நடந்தது. செய்தவர் ஆல்ஃபிரட் பிளாலாக். பின்னால் ஸ்டூலில் நின்று வழிகாட்டியவர் அவருடைய ஆய்வக உதவியாளர் விவியன் தாமஸ். இப்படி ஒரு ஆபரேஷன் செய்யலாம் என்ற யோசனையைக் கொடுத்தவர் குழந்தை இதய மருத்துவர் ஹெலன் டாசிக். அவருக்குக் காது சரியாகக் கேட்காது. ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்க வேண்டியதை, குழந்தையின் நெஞ்சில் கையை வைத்து உணரப் பழகிக்கொண்டார். குழந்தை இதய மருத்துவமே அப்படி ஒரு கையிலிருந்து வளர்ந்தது. எங்கள் ஜூனியர் நர்ஸ்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுப்பது இதைத்தான்: ட்யூட்டி எடுத்ததும் மானிட்டரைப் பார்ப்பதற்கு முன்னால் பாதத்தைப் பிடி. கட்டை விரலை அழுத்தி விட்டு, வெளுத்த இடம் சிவக்க எத்தனை விநாடி ஆகிறது என்று எண்ணு. சூடு கணுக்காலோடு நிற்கிறதா, முழங்காலோடு நிற்கிறதா என்று எழுதி வை. ஒரு மணி நேரம் கழித்து மறுபடி பிடி.

ஆனால் ஏதோ சரியில்லை என்பதை மட்டும்தான் கை சொல்லும். என்ன சரியில்லை என்று எக்கோ சொல்லும். கால் சில்லிட்டு, சிறுநீர் குறைந்து, நாடி ஏறிய குழந்தைக்கு உள்ளே நாலைந்து விதமான காரணம் இருக்கலாம். தசை சோர்ந்திருக்கலாம். வெளியே ரத்தம் சேர்ந்து அழுத்திக்கொண்டிருக்கலாம். உடம்பில் ரத்தம் போதாமல் இதயம் காலியாகத் துடிக்கலாம். அடைத்த ஓட்டையில் கசிவு மிச்சம் இருக்கலாம். டெட்ராலஜி குழந்தைகளுக்கு வலது கீழறை சுருங்குவதில் குறை இல்லாமல், விறைத்துப்போய் விரிய மறுக்கலாம். வெளியே தெரியும் அடையாளம் எல்லாவற்றுக்கும் ஒன்றுதான், வைத்தியம் மட்டும் வேறு வேறு. ஒன்றுக்குத் திரவம் கொடுக்க வேண்டும், ஒன்றுக்குக் கொடுக்கவே கூடாது. ஒன்றுக்கு மருந்தைக் கூட்ட வேண்டும், ஒன்றுக்கு உடனே நெஞ்சைத் திறக்க வேண்டும். நெஞ்சில் ஜெல் தடவி, எக்கோ மெஷினின் கைப்பிடிக் கருவியான ப்ரோப்பை இரண்டு நிமிடம் வைத்தால் பெரும்பாலும் எது என்று பிரித்துவிடலாம். அன்றைக்கு இருட்டில் லேசிக்ஸ் கொடுத்தோமே, அழுத்தத்தில் நிரம்ப முடியாமல் தவித்த இதயத்துக்கு அது இன்னும் கெடுதல். இப்போது தெரிகிறது.

ஸ்வீடனின் லுண்ட் நகரத்தில் மருத்துவர் எட்லரும் இயற்பியலாளர் ஹெர்ட்ஸும் முதன்முதலாக ஒலி அலையால் இதயத்தைப் பதிவு செய்தது 1953-ல். கப்பல் கட்டும் தளத்தில் இரும்பில் விரிசல் தேடும் கருவியை வைத்து அவர்கள் சோதித்துப் பார்த்ததிலிருந்து தொடங்கிய கதை அது. 70 வருடத்துக்கு மேல் ஆகிவிட்ட ஒரு நுட்பம், இரவு நேரத்தில் மட்டும் கீழ்த்தளத்தில் பூட்டிக் கிடக்கக் கூடாது.

இரண்டாவதாக நான் கேட்பது நியர்ஸ் சென்சார். சின்ன வயதில் டார்ச் லைட்டை உள்ளங்கையில் அழுத்திப் பிடித்தால் விரல் இடுக்கெல்லாம் சிவப்பாகத் தெரியுமே, அதே தத்துவம்தான். கண்ணுக்குத் தெரியும் சிவப்புக்குச் சற்று அப்பால் உள்ள ஒளி, தோலையும் எலும்பையும் தாண்டிப் போகும். அதை வைத்து மூளையில் ஆக்ஸிஜனை அளக்கலாம் என்று டியூக் பல்கலைக்கழகத்தின் ஃபிரான்ஸ் யோப்சிஸ் 1977-ல் காட்டினார். நெற்றியில் ஒரு ஸ்டிக்கர், முதுகின் கீழ்ப்பக்கம் சிறுநீரகத்துக்கு நேராக இன்னொன்று. இரண்டு எண்கள் இடைவிடாமல் ஓடிக்கொண்டிருக்கும். சாதாரணமாக முதுகின் எண் நெற்றியின் எண்ணைவிடக் கூடுதலாக இருக்கும். இதயம் தளரும்போது உடம்பு மூளையைக் காப்பாற்றி சிறுநீரகத்தைக் கைவிடும் என்று சொன்னேன் அல்லவா, அதனால் முதுகின் எண் முதலில் இறங்கும். பிபி அசையாமல் நிற்கும்போதே இறங்கும்.

இப்போது நான் இருக்கும் இடத்தில் ஒருநாள் இரவு, ஓட்டை அடைத்த 5 மாதக் குழந்தைக்கு முதுகின் எண் ஒன்றரை மணி நேரத்தில் 80-லிருந்து 64-க்கு வந்தது. பிபியில் மாற்றமே இல்லை. பாதம் பிடித்தேன், கணுக்கால்வரை குளிர்ச்சி. ட்யூட்டி டாக்டர் சின்ன வயசுப் பிள்ளை, எக்கோ பயிற்சி எடுத்தவர். மெஷின் ஐசியுவிலேயே இருந்தது. ப்ரோப் வைத்தார்: இடது கீழறை சோம்பலாக அசைந்தது, சுற்றிலும் ரத்தக் கட்டி இல்லை. படத்தை சீனியருக்கு அனுப்பி, போனிலேயே பேசி மருந்தை மாற்றினார்கள். 5 மணிக்குப் பாதத்தில் சூடு வந்தது. விடிந்ததும் நான் வழக்கம்போல ரிப்போர்ட் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இந்த சென்சாரை நான் உயர்த்திச் சொல்வதாக நினைக்க வேண்டாம். ஸ்டிக்கர் ஓரம் பிரிந்தாலே எண் விழும். அப்படி எத்தனையோ தடவை ஓடிப் போய்ப் பார்த்திருக்கிறேன். மஞ்சள் காமாலை இருந்தால் அளவு மாறும். அது காட்டுவது அந்த இடத்துத் திசுவில் உள்ள ஆக்ஸிஜனைத்தான், இதயத்தை நேரடியாக அளப்பதில்லை. எண்ணைப் பார்த்து எழுந்து போகிற ஆள் இல்லாவிட்டால் அதனால் பிரயோசனமும் இல்லை. கழுத்திலும் நெஞ்சிலும் ஸ்டிக்கர் ஒட்டி மின்சாரத் தடையை வைத்து இதயம் தள்ளும் ரத்த அளவைக் கணக்கிடும் கருவியும் வந்திருக்கிறது. சின்னக் குழந்தைகளில் அது காட்டும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள எனக்கு இன்னும் மனம் வரவில்லை. ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்க உதவும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். விரலில் மாட்டும் ஆக்ஸிஜன் கருவி கருப்புத் தோலில் உண்மையைவிடக் கூட்டிக் காட்டுகிறது என்று அமெரிக்காவில் 2020-ல் வந்த ஆய்வு சொன்னது. வெள்ளைத்தோல் நோயாளிகளோடு ஒப்பிட்டால் கருப்பின நோயாளிகளிடம் ஆக்ஸிஜன் குறைவு கருவியில் தெரியாமல் போவது ஏறக்குறைய மூன்று மடங்கு அதிகம். நீலக்குழந்தைகளில், ஆக்ஸிஜன் 80-க்குக் கீழே போனால், அந்தக் கருவியின் துல்லியம் இன்னும் குறையும். நம் பிள்ளைகளின் தோல் நிறம் என்ன என்று உங்களுக்குத் தெரியும். விரலில் மாட்டுவதோ நெற்றியில் ஒட்டுவதோ, டெண்டர் விடும்போது, கருமையான தோலில், அதிலும் குழந்தைகளில், சோதித்த அளவுகளைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நீங்கள் கேட்டால் கம்பெனிக்காரர்கள் காட்டித்தான் ஆக வேண்டும்.

இந்தக் காப்பீட்டுத் திட்டத்தைக் குறை சொல்வதற்காக எழுதவில்லை. அது என்ன செய்திருக்கிறது என்பதைக் கட்டில் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். செங்கல் சூளையில் வேலை செய்பவர், ஆடு மேய்ப்பவர், கொத்தனாருக்குச் சித்தாளாகப் போகும் அம்மா, இவர்களுடைய பிள்ளைகளுக்கு இதய ஆபரேஷன் நடக்கிறது, ஒரு ரூபாய் கேட்காமல். அங்கன்வாடியில் பரிசோதனைக்கு வந்த டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கண்டுபிடித்து அனுப்பிய குழந்தை, மூன்று மாதத்தில் வீட்டுக்குத் திரும்பி ஓடுகிறது. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

ஒரு ஆபரேஷனுக்குத் திட்டம் தரும் பேக்கேஜ் என்பது ஒரு மொத்தத் தொகை. தியேட்டர், மருந்து, ஐசியு எல்லாம் அதற்குள். ஒரு தடவை மட்டுமே ஒட்ட வேண்டிய நியர்ஸ் சென்சாரின் விலை ஆயிரங்களில். ஒரு குழந்தைக்கு இரண்டு வேண்டும். மொத்தத் தொகைக்குள் அதை அடக்கச் சொன்னால் எந்த நிர்வாகமும் முதலில் கைவைப்பது அதில்தான். ஒரு குழந்தையிடமிருந்து உரித்து, ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிளாஸ்திரி வைத்து அடுத்த குழந்தைக்கு ஒட்டியதை நானே பார்த்திருக்கிறேன். ஒட்டாத சென்சார் தப்பான எண் காட்டும், அப்புறம் அதை யாரும் நம்ப மாட்டார்கள். அந்த இரண்டு சென்சாருக்கும் பேக்கேஜில் தனி வரி போட்டுத் தொகை ஒதுக்குங்கள். பயன்படுத்தியதற்கு ஆதாரமாக ஸ்டிக்கர் எண்ணை க்ளெய்ம் பேப்பரில் ஒட்டச் சொல்லுங்கள். ஸ்டென்ட், வால்வு வைத்தால் அப்படித்தானே செய்கிறோம்.

எக்கோவுக்குப் புதிதாகச் செலவே தேவையில்லை. மெஷின் எல்லா இடத்திலும் இருக்கிறது. குழந்தைகளுக்கு இதய ஆபரேஷன் செய்ய அங்கீகாரம் தரும்போது, ஐசியுவுக்குள் 24 மணி நேரமும் ஒரு மெஷின், அதைப் பிடிக்கத் தெரிந்த ஒரு ட்யூட்டி டாக்டர் என்பதை நிபந்தனையாக வையுங்கள். முழு எக்கோ ரிப்போர்ட் எழுதுகிற அளவு அவர் படிக்க வேண்டியதில்லை. தசை அசைகிறதா, சுற்றிலும் திரவம் இருக்கிறதா, இதயம் நிரம்பியிருக்கிறதா, இவற்றுக்கு விடை சொல்லிப் படத்தைச் சீனியருக்கு அனுப்பத் தெரிந்தால் போதும். எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை மாதிரியான அரசு நிறுவனங்களில் இதற்கு முறையான பயிற்சி வைக்கலாம். ஆபரேஷன் முடிந்த முதல் 12 மணி நேரத்தில் குறைந்தது ஒரு எக்கோ எடுத்து, நேரத்தோடு பதிவு செய்திருக்க வேண்டும் என்று க்ளெய்மில் கேளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி இல்லாமல் பணம் விடுவதில்லை நீங்கள். இரவு எக்கோ இல்லாமலும் விடாதீர்கள்.

முதல் இரவு ஒரு குழந்தைக்கு ஒரு நர்ஸ். இதைத் தனியாக விளக்க வேண்டுமா என்ன? இரண்டு குழந்தைகளுக்கு நடுவில் ஓடுகிற நர்ஸால் யாருடைய பாதத்தையும் பிடித்துக்கொண்டு நிற்க முடியாது.

வீட்டுக்குப் போன பிறகு, முதல் சில வாரங்களில் இதயத்தைச் சுற்றி நீர் கோத்துக்கொள்வது உண்டு. அதைப் பார்க்க மாவட்டத்திலேயே குழந்தை எக்கோ கிடைத்தால், ராமநாதபுரத்திலிருந்து தையல் காயாத பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வர வேண்டியதில்லை. அதை விரிவாக இன்னொரு தடவை எழுதுகிறேன்.

கடைசியாக, அம்மாக்களைப் பற்றி. இப்போதெல்லாம் முதல் நாள் சாயங்காலம் அம்மா உள்ளே வரும்போது, பாதத்தைப் பிடிக்கச் சொல்லி நானே கேட்கிறேன். "சூடா இருக்காம்மா?" என்று கேட்டு, அவர் சொல்வதைச் சார்ட்டில் எழுதுகிறேன். எங்கள் சார்ட்டில் அதற்கு ஒரு கட்டம் கிடையாது, ஓரத்தில் எழுதுகிறேன். உங்கள் திட்டத்தின் ஐசியு சார்ட்டில் அதற்கு ஒரு கட்டம் போட்டுத் தரலாம்.

இன்று எனக்கு இரவு ட்யூட்டி. இரண்டாவது கட்டிலுக்கு 7 மாதக் குழந்தை வருகிறது. ஆபரேஷன் மதியம் மூன்று மணிக்கு முடியும் என்றார்கள். அதன் ஒன்பதாவது மணி நேரம் நள்ளிரவு 12-க்கு வரும். மெஷினை மூன்று மணிக்கே கட்டில் பக்கத்தில் தள்ளிவைத்துவிடச் சொல்லியிருக்கிறேன்.

இப்படிக்கு,
குழந்தைகள் இதய ஐசியு செவிலியர் ஒருவர்